சுழல்வழியும் சிறகும்: சொல்லால் ஆன கணிப்பொறி ஆட்டங்களின் வரலாறு

கணிப்பொறி ஆட்டம் என்றதும் திரையில் ஓடும் உருவங்களும் வெடிக்கும் ஓசைகளுமே பலர் நினைவுக்கு வரும். ஆனால், படமோ ஓசையோ இன்றிச் சொல் ஒன்றையே கருவியாகக் கொண்ட ஆட்டவகை ஒன்று, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அமெரிக்க இல்லங்களில் செல்வாக்குடன் விளங்கியது. திரையில் நாலைந்து வரிகள் தோன்றும். ஓர் இடம், அங்குள்ள பொருள்கள், வெளியேறும் வழிகள் ஆகியன அவ்வரிகளில் சொல்லப்பட்டிருக்கும். ஆடுபவர் ‘வடக்கே போ’ என்றோ, ‘விளக்கை எடு’ என்றோ விசைப்பலகையில் எழுதுவார். அதற்கேற்ப அடுத்த வரிகள் தோன்றும். வாசிப்பும் எழுத்துமன்றி வேறு செயல் அதில் இல்லை.

‘கவிதை புரியவில்லை’ என்னும் குறை எல்லாக் காலத்தும் எழுவது. கடுமை ஒரு படைப்பின் குணமா, குற்றமா என்ற வழக்கு இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. சொல்வழி ஆட்டங்களின் வரலாற்றிலும் அதே வழக்கு எழுந்தது. அங்கு அது சந்தையில் வைத்துத் தீர்க்கப்பட்டது. அத்தீர்ப்பு எவ்வாறு வந்தது, தீர்ப்புக்குப் பின்னும் அக்கலை எவ்வாறு உயிர் தரித்தது என்பன சொல்லில் ஈடுபட்டோர் கருதத்தக்கவை.

குகையும் சொல்லும்

வில் கிரவுதர் என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், போல்ட் பெரானெக் அண்டு நியூமன் நிறுவனத்தில் பணிபுரிந்த நிரலாளர். இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கிய குழுவில் அவரும் ஒருவர். ஓய்வு நாள்களில் அவரும் அவர் மனைவி பட்ரீசியாவும் கென்டக்கி மாநிலத்து நிலத்தடிக் குகைகளில் இறங்கி, அளவெடுத்து வரைபடம் தயாரித்து வந்தனர். ஃபிளின்ட் ரிட்ஜ் குகைத்தொகுதி மம்மத் குகையுடன் இணைந்திருப்பதை 1972-இல் கண்டறிந்த குழுவில் பட்ரீசியா இடம்பெற்றிருந்தார்.

பின்னர் அவ்விருவரும் மணவாழ்வில் பிரிந்தனர். தம்மைக் காண வரும் மகள்கள் விளையாடி மகிழட்டும் என்று, 1975, 1976 ஆண்டுகளில் கிரவுதர் ஓர் ஆட்டத்தை எழுதினார். அதுவே ‘அட்வென்சர்’. அவர் அளவெடுத்த குகையே ஆட்டத்தின் களமாயிற்று. அறைகளின் அமைப்பும் வழிகளின் போக்கும் உண்மைக் குகையை ஒட்டியே அமைந்தன. ஆட்டத்தை ஆடிப் பழகிய ஒருவர் பின்னாளில் அந்தக் குகைக்குள் முதன்முறை இறங்கியபோது தாமே வழி கண்டு நடந்தார் என்றும் சொல்லப்படுகிறது. ஒரு தந்தை தாம் இழந்த இடத்தைச் சொல்லால் மீட்டுத் தம் மக்களுக்குக் கொடுத்தார் என்றே இந்தத் தொடக்கத்தைக் கருத வேண்டும்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற டான் வுட்ஸ் இந்நிரலை 1976-இல் கண்டெடுத்தார். ஆக்கியவர் பெயர் கிரவுதர் என்பதன்றி வேறு விவரம் அவருக்குத் தெரியவில்லை. வலையமைப்பில் அன்று இருந்த கணிப்பொறிகள் அனைத்திலும் அப்பெயருக்கு மடல் அனுப்பி, ஆசிரியரைக் கண்டுபிடித்து, இசைவு பெற்று ஆட்டத்தை விரித்தார். 1977-இல் பரவிய அவ்வடிவத்தில் புதையல்கள் பெருகின. பூதமும் கொள்ளையனும் கரடியும் வந்தன. மொத்தம் 350 மதிப்பெண்கள் வகுக்கப்பட்டன. கைவிளக்கின் மின்கலம் தீர்ந்தால் இருளில் வீழ்ந்து மடிய நேரும்.

அந்த ஆட்டத்தில் இரண்டு சுழல்வழிகள் உண்டு. கிரவுதர் அமைத்த ஒன்றில் எல்லா அறைகளும் ஒரே வருணனை உடையவை. எங்கு நிற்கிறோம் என்று வாசிப்பால் அறிய இயலாது. கையிலுள்ள பொருள்களை ஒவ்வோர் அறையிலும் அடையாளமாகப் போட்டுக்கொண்டே செல்ல வேண்டும். வுட்ஸ் சேர்த்த மற்றொன்றில் அறைதோறும் வருணனை சற்றே வேறுபடும். ஏறத்தாழ அதே சொற்கள். இடம் மாறி நிற்கும், அவ்வளவே. சொற்கள் நிற்கும் வரிசையே அறையின் அடையாளம். வரியை ஊன்றிப் படிக்காதவர் அங்கு வெளியேற வழியில்லை. சொல்வைப்பு முறையையே ஒருவரின் பிழைப்புக்கு வழியாக வைத்த அருமை வேறெந்த ஆட்டத்துக்கும் எளிதில் வாய்க்காதது.

இவ்வாட்டம் பரவிய காலத்தில் கணிப்பொறித் துறை முழுவதும் இரண்டு வாரம் பின்தங்கிப் போயிற்று என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வர். ஆடியவர்கள் யாவர் என்பது இங்குக் கருதத்தக்கது. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பெருங்கணிப்பொறிகளுக்கு அருகில் இருந்தவர்கள். சிக்கலை அவிழ்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். இரவு நேரம் வாய்க்கப் பெற்றவர்கள். அவர்களுக்குக் கடுமை ஒரு தடையாகத் தோன்றவில்லை. அதுவே விருந்தாயிற்று.

பூட்டும் திறவுகோலும்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்க் பிளாங்க், டேவ் லெப்ளிங், டிம் ஆண்டர்சன், புரூஸ் டேனியல்ஸ் ஆகிய நால்வர் ‘அட்வென்சர்’ ஆட்டத்தை முடித்த கையோடு 1977-இல் ‘ஸோர்க்’ என்னும் தம் ஆட்டத்தை எழுதத் தொடங்கினர். கிரவுதரின் நிரல் இரு சொற்களுக்கு மேல் அறியாது. ஸோர்க் முழு வாக்கியங்களைப் பகுத்துணரக் கற்றது. ‘வாளால் பூதத்தைத் தாக்கு’ என்பது போன்ற கட்டளைகளை அது ஏற்றுக்கொண்டது.

இக்குழுவினரும் தோழர்களும் சேர்ந்து 1979-இல் இன்ஃபோகாம் நிறுவனத்தைத் தொடங்கினர். பெருங்கணிப்பொறியில் இயங்கிய ஸோர்க் வீட்டுக் கணிப்பொறியின் சிறு நினைவகத்தில் அடங்காது. ஆகவே அதனைப் பகுத்து, புதிய பகுதிகளும் சேர்த்து, 1980 முதல் 1982 வரை மூன்று ஆட்டங்களாக வெளியிட்டனர். அன்று சந்தையில் இருந்த கணிப்பொறிகள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. அதனால் பிளாங்கும் ஜோயல் பெரெஸும் கற்பனைக் கணிப்பொறி ஒன்றை வகுத்தனர். அதற்கு இஸட்-மெஷின் என்று பெயர். ஆட்டம் அந்தக் கற்பனைப் பொறிக்காக எழுதப்படும். ஒவ்வோர் உண்மைக் கணிப்பொறிக்கும் அதனைப் பெயர்த்துச் சொல்லும் சிறு நிரல் ஒன்று இருந்தால் போதும். இந்த ஏற்பாடு பின்னாளில் அக்கலையின் உயிரையே காத்தது.

இன்ஃபோகாம் ஆட்டங்களை வாங்கியோர் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் அவற்றோடு போராடினர். கோடிட்ட தாளில் வரைபடம் எழுதினர். நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்து வழி கேட்டனர். நிறுவனம் தன் ஆட்டங்களைத் தொடக்கநிலை முதல் வல்லுநர்நிலை வரை தரம் பிரித்து உறைமேல் அச்சிட்டது. கடுமை மறைக்கப்படவில்லை, விற்பனைச் சரக்காகவே முன்வைக்கப்பட்டது. வழி தெரியாதோர்க்கு ‘இன்விசிகுளூஸ்’ என்னும் குறிப்பேடுகள் தனி விலைக்குக் கிடைத்தன. அவற்றில் விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையால் அச்சிடப்பட்டிருக்கும். உடன் வரும் பேனாவால் தடவினால் ஒவ்வொரு குறிப்பாக வெளிப்படும். முதற்குறிப்பு மறைபொருளாகவும், கடைசிக் குறிப்பு வெளிப்படை விடையாகவும் இருக்கும். பூட்டையும் திறவுகோலையும் ஒரே கடை இருவேறு விலைக்கு விற்றது.

இக்காலத்துச் சுவையின் உச்சத்தைக் காட்டுவது 1984-இல் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் இணைந்து ஆக்கிய ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ என்னும் ஆட்டம். அதில் ஓர் எந்திரத்திலிருந்து மீன் ஒன்றைப் பெற வேண்டும். அங்கி, துண்டு, பை எனப் பொருள்களை உரிய இடங்களில் வைத்தாலும் மீன் கைநழுவும். கடைசியில் தேவைப்படுவது, ஆட்டத்தின் தொடக்கத்தில் வீட்டு வாசலில் கிடந்த வேண்டாத அஞ்சல் கட்டு. அந்த வீடும் பூமியும் அதற்குள் அழிந்துவிட்டன. எடுக்கத் தவறியவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இது கொடுமை என்று ஆடியோர் கூறினர், கூறியவாறே ஆடினர். மீனைப் பெற்றதைப் பறைசாற்றும் வாசகம் அச்சிட்ட சட்டைகளை நிறுவனம் விற்றது. அரியதைச் செய்து முடித்தவர் என்னும் பெருமிதமே அன்றைய சுவையின் அடிநிலை.

கடுமையின் இருவகை

இந்த ஆட்டங்களில் இருவகைக் கடுமை கலந்திருந்தது. ஒன்று பூட்டின் கடுமை: விடை கிடைக்கும் வரை கதை நகராது, கிடைத்தபின் பூட்டுக்கு மதிப்பில்லை. மற்றொன்று பொருளின் கடுமை: வாசித்தபின்னும் மனத்தில் நின்று வேலை செய்வது. இன்ஃபோகாம் எழுத்தாளர் சிலர் முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கி நடந்தனர்.

மெரெட்ஸ்கி எழுதிய ‘பிளானட்ஃபால்’ 1983-இல் வெளிவந்தது. ஃபிளாய்டு என்னும் குழந்தைத்தனமான எந்திரத் தோழன் ஆடுபவருக்காக உயிர் கொடுக்கும் இடத்தில் பலர் கண்ணீர் விட்டனர். திரையில் இருந்தவை எழுத்துகளே. அவரே 1985-இல் எழுதிய ‘எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங்’ ஆட்டத்தில் புதிர்கள் மிகச் சில. எதிர்காலத்து நகரம் ஒன்று பத்தாண்டுக்குப் பத்தாண்டு எவ்வாறு சீரழிகிறது என்று நடந்து சென்று பார்ப்பதே ஆட்டம். நிறுவனத்தின் புகழ்பெற்ற ஆட்டங்களைப் போல் அது விலைபோகவில்லை. பிரையன் மோரியார்ட்டி 1986-இல் எழுதிய ‘டிரினிட்டி’, 1945-இல் நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையில் சென்று முடிகிறது. புதிர்களை அவிழ்த்தபின் அங்கு எஞ்சுவது வெற்றிக்களிப்பன்று, அச்சம்.

கவிஞர்களும் இத்துறைக்கு வந்தனர். ராபர்ட் பின்ஸ்கி 1984-இல் ‘மைண்ட்வீல்’ என்னும் ஆட்டத்தை எழுதினார். இறந்துபோன நால்வரின் உள்ளங்களுக்குள் பயணம் செய்வது அதன் கதை. அந்நால்வருள் ஒருவர் கவிஞர். கெட்டி அட்டை நூலுக்குள் வட்டு வைத்து அது விற்கப்பட்டது. பின்ஸ்கி 1997-இல் அமெரிக்காவின் அரசவைக் கவிஞர் பொறுப்பை ஏற்றார். புனைகதையாளரும் கவிஞருமான தாமஸ் டிஷ் எழுதிய ‘அம்னீசியா’ 1986-இல் வெளிவந்தது. இவை சந்தையில் நிலைக்கவில்லை எனினும், சொல்வழி ஆட்டம் இலக்கியத்தின் வாயில்வரை வந்து நின்றதற்குச் சான்றுகள்.

படம் வந்த காலம்

கலிபோர்னியாவில் ரோபெர்டா வில்லியம்ஸ் என்னும் இல்லத்தரசி, கணவர் கென் வீட்டுக்குக் கொண்டுவந்த முனையத்தின் வழியே ‘அட்வென்சர்’ ஆட்டத்தை ஆடி அதில் ஆழ்ந்தார். தாமும் ஒன்று செய்ய விழைந்து, வெறும் கோடுகளால் ஆன படங்களைச் சேர்த்து 1980-இல் கணவருடன் ‘மிஸ்டரி ஹவுஸ்’ ஆட்டத்தை வெளியிட்டார். 1984-இல் வந்த அவருடைய ‘கிங்ஸ் குவெஸ்ட்’ ஆட்டத்தில் உருவம் திரையில் நடந்தது. 1987-இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வெளியிட்ட ‘மேனியாக் மேன்ஷன்’, எழுதும் வேலையையே நீக்கியது. வினைச்சொற்கள் திரையின் அடியில் பட்டியலாக நின்றன. சுட்டித் தேர்ந்தால் போதும்.

இம்மாற்றத்தைச் சோம்பலின் வெற்றி என்று கூறிவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. சொல்வழி ஆட்டம் ஆடுபவருக்கு ஒரு வாக்குறுதி தந்தது: விரும்பியதை எழுதலாம். ஆனால் நிரல் அறிந்த சொற்கள் சில நூறே. ஒருவர் ‘கதவைத் தள்ளு’ என்று எழுத, ஆசிரியர் ‘கதவைத் திற’ என்பதை மட்டுமே எண்ணியிருந்தால், புரியவில்லை என்ற மறுமொழியே வரும். கருத்தைக் கண்டுபிடித்தவர் சொல்லைக் கண்டுபிடிக்க இயலாமல் தோற்றார். இது கடுமையின் பெருமையன்று, குறையே. மேனியாக் மேன்ஷனை ஆக்கியோருள் ஒருவரான ரான் கில்பர்ட் 1989-இல் எழுதிய கட்டுரையில், முன்னறிவிப்பின்றி நேரும் மரணங்களையும், பொருளொன்றை எடுக்கத் தவறியதால் பின்னர் வெல்லவே இயலாமற்போகும் நிலைகளையும் கண்டித்தார். 1984-இல் சட்டையில் அணிந்து பெருமைப்படத் தக்கதாயிருந்த அதே இயல்பு ஐந்தே ஆண்டுகளில் குற்றப்பட்டியலில் இடம்பெற்றது.

இன்ஃபோகாமின் வீழ்ச்சிக்குச் சுவைமாற்றம் மட்டுமே காரணமன்று. ஆட்டத்தில் ஈட்டிய பொருளை 1985-இல் ‘கார்னர்ஸ்டோன்’ என்னும் வணிகத் தரவு மென்பொருளில் இட்டு இழந்தது. 1986-இல் ஆக்டிவிஷன் நிறுவனம் அதனை வாங்கியது, 1989-இல் மூடியது. மனித மூளையின் படத்தைக் காட்டி, மிகச் சிறந்த ஓவியக் கருவி அதுவே என்று ஒரு காலத்தில் விளம்பரம் செய்த நிறுவனம், தன் கடைசி நாள்களில் ஆட்டங்களுக்குப் படம் சேர்த்துப் பார்த்தது, பயனில்லை.

எனினும், ஆடுவோர் சிக்கலையே வெறுத்துவிட்டனர் என்று முடிவு கட்டுவது பொருந்தாது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்கள் 1993-இல் வெளியிட்ட ‘மிஸ்ட்’ ஆட்டத்தின் புதிர்கள் எளியவை அல்ல. ஆடுவோர் குறிப்பேடு வைத்தே ஆடினர். அது 60 லட்சத்துக்கும் மேல் விற்றது. 1991-இல் சிட் மையர் ஆக்கிய ‘சிவிலைசேஷன்’ பன்மடங்கு சிக்கலானது. பல இரவுகளை விழுங்கியது. அதே 1993-இன் இறுதியில் வந்த ‘டூம்’ விரைவையும் அனிச்சைச் செயலையும் வேண்டியது. சிக்கல் மறையவில்லை, இடம் பெயர்ந்தது. சொல்லில் இருந்த சிக்கல் காட்சிக்கும் கணக்குக்கும் கைவிரைவுக்கும் போயிற்று. ஆடுவோர் கைவிட்டது கடுமையை அன்று. விடைக்காக ஒரு வரியின் முன் நெடுநேரம் காத்திருக்கும் பொறுமையை.

வட்டம் காத்த கலை

வணிகம் கைவிட்ட கலையை ஆர்வலர் சிலர் கையேற்றனர். இன்ஃபோகாம் வட்டுகளை ஆராய்ந்து, இஸட்-மெஷினின் மறைவான அமைப்பை எவர் உதவியுமின்றி அவர்கள் கண்டறிந்தனர். இங்கிலாந்தைச் சேர்ந்த கணித அறிஞரும் கவிஞருமான கிரஹாம் நெல்சன் 1993-இல் ‘இன்ஃபார்ம்’ என்னும் நிரல்மொழியை விலையின்றி வெளியிட்டார். அதைக் கொண்டு எவரும் அப்பழைய கற்பனைப் பொறிக்குப் புதிய ஆட்டம் எழுதலாம். அவரே எழுதிய ‘கர்ஸஸ்’, வீட்டுப் பரணில் பாரிஸ் நகர வரைபடம் ஒன்றைத் தேடுவதில் தொடங்கிப் பல காலங்களுக்குள் விரியும் பெரிய ஆட்டம், மிகக் கடினமானதும்கூட. ஆடுபவருக்கு உரிய உரிமைகள் எவை என்று வரையறுத்து எழுதியவரும் அவரே. எச்சரிக்கையின்றிக் கொல்லப்படாமை, எளிதில் எவருக்கும் தோன்றாத செயலைச் செய்யுமாறு எதிர்பார்க்கப்படாமை போன்றவை அவற்றுள் சில. கடுமையை விரும்பிய ஒருவரே அதற்கு அறம் வகுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1995-இல் இவ்வட்டத்தினர் ஆண்டுப் போட்டி ஒன்றைத் தொடங்கினர். மதிப்பிடுவோர் ஓர் ஆட்டத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் மதிப்பெண் தர வேண்டும் என்பது விதி. பல படைப்புகளைச் சிலரே படித்து முடிக்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவைக்காக வந்த இவ்விதி, கலையின் வடிவத்தையே மாற்றியது. மாதக்கணக்கில் ஆடும் பெருங்குகைகள் அருகின. ஒரே அமர்வில் முடியும் சிறுகதை போன்ற ஆட்டங்கள் பெருகின. நெடும்படைப்புகளை மீண்டும் ஊக்குவிக்க 2002-இல் வேறொரு போட்டி எழுந்ததே, இழப்பை அவர்களும் உணர்ந்தனர் என்பதைக் காட்டும். எவ்வளவு நேரம் தருவேன் என்று வாசகர் சொல்லும் அளவே படைப்பின் வடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1998-ஆம் ஆண்டுப் போட்டியில் முதலிடம் பெற்றது ஆடம் கேட்ரி எழுதிய ‘ஃபோட்டோபியா’. அதில் புதிர்கள் இல்லை எனலாம். ஒரு சிறுமியின் வாழ்வு பலர் கண்வழி முன்பின்னாகச் சொல்லப்படுகிறது. அவள் மரணத்தை ஆடுபவர் தடுக்க இயலாது. இது ஆட்டமே அன்று என்று சிலர் வாதிட்டனர். ஆனால் அதனுள்ளும் ஒரு சுழல்வழி உண்டு. பளிங்காலான அவ்வழியில் ஆடுபவர் பழைய பழக்கப்படி வரைபடம் எழுதத் தொடங்குவார், வழி கிடைக்காது. விண்வெளி உடையைக் கழற்றும்போது தமக்குச் சிறகுகள் இருப்பது தெரியவரும். பறந்து வெளியேறலாம். கிரவுதரின் சுழல்வழி பொறுமையைக் கேட்டது. வுட்ஸின் சுழல்வழி கூர்ந்த வாசிப்பைக் கேட்டது. கேட்ரியின் சுழல்வழி, வழி தேடும் பழக்கத்தையே விட்டுவிடுமாறு கேட்டது. 22 ஆண்டுகளில் சுவை நடந்த தொலைவை இம்மூன்று சுழல்வழிகளும் அளந்து காட்டுகின்றன.

அதன்பின் எமிலி ஷார்ட் 2000-இல் எழுதிய ‘கலாட்டியா’, ஒரு சிலையோடு உரையாடுவது மட்டுமே ஆன படைப்பு. உரையாடலின் போக்குக்கேற்ப முடிவுகள் பல. 2009-இல் கிறிஸ் கிளிமாஸ் வெளியிட்ட ‘ட்வைன்’ கருவி, நிரல் அறியாதோரும் கிளைக்கதை எழுத வழிசெய்தது. அதில் கட்டளை எழுத வேண்டுவதில்லை. சொல்லைத் தொட்டால் போதும். புதிர் ஏறத்தாழ முழுவதும் போயிற்று. தேர்வின் கனம் அதன் இடத்தைப் பிடித்தது.

மீண்டும் குகை

கிரவுதர் முதலில் எழுதிய நிரல் மறைந்துபோனதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. ஸ்டான்போர்டில் வுட்ஸின் மாணவர் கணக்கிலிருந்த பழைய கோப்புகளிலிருந்து அது 2005-இல் மீட்கப்பட்டது. அதனை ஆராய்ந்து டென்னிஸ் ஜெர்ஸ் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, கென்டக்கிக் குகையோடு ஆட்டத்தை அறையறையாக ஒப்பிட்டுக் காட்டியது. 2023-இல், ஆட்டத்துறையை விட்டு நெடுங்காலம் விலகியிருந்த கென், ரோபெர்டா வில்லியம்ஸ் இணையர் அதே குகையை முப்பரிமாணக் காட்சியாக வடித்து வெளியிட்டனர். இளமையில் எழுத்தாக வாசித்த இடத்தை முதுமையில் ரோபெர்டா கண்ணால் காணத்தக்கதாக்கினார். ஆயினும் அவரைக் குகைக்குள் முதலில் இழுத்துச் சென்றவை சில வரிகளே.

சந்தை அளித்த தீர்ப்பு தவறென்று கூறுவதற்கில்லை. பூட்டின் கடுமையில் பெரும்பகுதி போகத்தக்கதே. சொல்லைத் தேடித் தோற்றவரின் சலிப்பு நியாயமானதே. ஆனால் அத்தோடு வுட்ஸின் சுழல்வழியும் போயிற்று. இரண்டு வரிகள் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல என்று நின்று நோக்கும் கண் அருகிப்போயிற்று. அந்த இழப்பைப் பெருநிறுவனம் எதுவும் கணக்கில் எழுதவில்லை. விலையின்றி எழுதி, விலையின்றிப் பகிர்ந்து, ஆண்டுதோறும் கூடி ஒருவர் படைப்பை ஒருவர் படித்து மதிப்பிட்ட சிறு வட்டமே அதனை எழுதி வைத்தது. பல லட்சம் பேர் ஆடிய காலத்தில் அக்கலை புகழ் பெற்றது. சில நூறு பேர் வாசித்த காலத்தில்தான் அது இலக்கியமாயிற்று.